போட்டோ பெரியப்பா

வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை வாக்கிங் முடித்துக் கணினி முன் உட்கார்ந்தாரென்றால் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட வேண்டும். மேசைமேல் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் ‘அசல்’ என்றும் இன்னொன்றில் ‘அசல் – காப்பி’ என்றும் எழுதி ஒட்டியிருப்பார். மூன்றாவது, மகள் வீட்டுப் பீரோவில் நகைகளோடு இருக்கிறது. நாலு கிளை விட்ட குடும்பம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு போட்டோ பெரியப்பா தேறுவார்.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. ஒரு காலத்தில், படங்களை அடுக்கும் பிக்காசா மென்பொருளின் பக்தர். 2016இல் கூகுள் அதற்கு மூடுவிழா நடத்தியபோது சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு கூகுள் போட்டோஸில் குடியேறினார். 2021 ஜூன் முதல் ஏற்றுகிற படமெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றார்கள். “பாத்தியா, குடிவெச்சுட்டு இப்ப வாடகை கேக்குறான்” என்று கிளம்பியவர் நேராகப் போய் நின்ற இடம் கட்டற்ற மென்பொருள். அடுக்க டிஜிகாம், வெட்டி ஒட்ட கிம்ப், நிறம் திருத்த டார்க்டேபிள். “ஒரு பைசா கிடையாது. மூலநிரலே நம்ம கையில இருக்கு!” என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபிக்கு முன்பே சொல்லிவிடுவார். அந்த மூலநிரலில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய பரம எதிரி தேதி. பேட்டரி தீர்ந்துபோன பழைய டிஜிட்டல் கேமராக்களின் புண்ணியத்தில் குடும்பத்தில் பாதிப்பேர் 2000 ஜனவரி 1ஆம் தேதியே காது குத்திக்கொண்டு, அன்றைக்கே பூப்பெய்தி, அன்று மாலையே கல்யாணமும் செய்துகொண்டிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு இது பொறுக்காது. ராத்திரி பத்து மணிக்கு மதுரையில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணுக்கு போன் போடுவார்: “ஏம்மா, உன் வளைகாப்பு அன்னிக்கு மழை பெஞ்சுதா?” அவள் திகைத்துப்போய்ப் பதில் தேடுவதற்குள் இவர் பரணிலிருந்து மொய் நோட்டையே இறக்கியிருப்பார். ஒரே ஒரு படத்துக்குச் சரியான நாளும் நேரமும் கிடைத்தால் போதும், அதே வித்தியாசத்தை அந்த விசேஷத்தின் மற்ற படங்களுக்கும் டிஜிகாம் ஒரேயடியாகப் போட்டுவிடும். இதைச் செய்து முடித்த இரவுகளில் அவர் நன்றாகத் தூங்குகிறார்.

அடுத்தது முகம். படத்தில் முகத்தைக் கண்டால் டிஜிகாம் சட்டமிட்டு ‘இவர் யார்?’ என்று கேட்கும். சுவர் காலண்டர் முருகனையும் கேட்கும், மண்டப வாசலில் நிற்கும் கட்-அவுட் தலைவரையும் கேட்கும். பெரியப்பா யாரையும் விடாமல் பெயர் எழுதுவார். அக்காவைப் பார்த்து அது தங்கை என்று யூகித்ததில் அக்காவுக்குப் பரம சந்தோஷம்; தங்கை அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்னொரு விசித்திரமும் வெளிவந்தது. வெவ்வேறு வருடங்களில் நடந்த நான்கு கல்யாணங்களில், பந்தியில் முன்வரிசையில் ஒரே ஆள்! மாப்பிள்ளை வீடு என்று இவர்களும் பெண் வீடு என்று அவர்களும் நினைத்துப் பாயசம் ஊற்றியிருக்கிறார்கள். அவருக்கு வைத்த டேக்: ‘பந்திக்காரர்’. யாருக்கும் தெரியாத அந்த மனிதருக்குப் பெரியப்பாவின் கணினியில் தனி ஆல்பமே உண்டு.

கிம்ப் விஷயத்தில் அவருக்கே கொஞ்சம் தடுமாற்றம்தான். 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது என்று வரலாறு சொல்வார். ஆனால் ‘சேவ்’ கொடுத்தால் அது தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவத்தில்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுவார். குடும்பக் குழுவில் அவர் அனுப்பும் படம் யாருக்கும் திறக்காது. திறக்காத படத்துக்கும் பத்துப் பேர் கைதட்டியிருப்பார்கள்.

ஆனால் ஒரு கொள்கையில் மனிதர் இரும்பு: மூலப்படத்தில் கை வைக்க மாட்டார். டார்க்டேபிளும் அப்படித்தான், திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு அசலைத் தொடாது. இதன் அருமை அத்தைக்குத்தான் தெரியும். நிலத் தகராறு முற்றிய வருடம் அவள் வந்து, “அண்ணே, அறுபதாம் கல்யாணப் படத்துல அந்தச் சின்னவரை எடுத்துடுங்க” என்றாள். கிம்ப்பில் அசலின் நகலைத் திறந்து சின்னவரை அழித்து, அந்த இடத்தில் வாழைமரம் வளர்த்துக் கொடுத்தார். பத்திரம் பதிவாகிச் சமாதானம் ஆனதும் அத்தை திரும்ப வந்தாள்: “அண்ணே, அவரைத் திரும்ப வெச்சுடுங்களேன்.” ‘அசல்’ டிஸ்க்கிலிருந்து சின்னவர் சிரித்தபடி வெளியே வந்தார். வாழைமரம்தான் நன்றாக இருந்தது என்று பெரியம்மாவின் அபிப்பிராயம்.

இத்தனை கேலிக்கும் நடுவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு சாவு விழுந்து, அஞ்சலி போஸ்டருக்கு நடுராத்திரியில் படம் தேவைப்படும்போது, போன் நிறையப் படம் வைத்திருக்கும் பையன்கள் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பெரியப்பா பெயரைத் தட்டுவார், ஐந்து நட்சத்திரம் போட்டதை எடுப்பார், பக்கத்தில் நிற்பவரின் தோளை நீக்கிவிட்டு அனுப்புவார். அன்றைக்கு மட்டும் சரியாக ஜேபெக்கில் வரும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு ஓர் உபகாரம் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்குவதோடு, எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துதான் போய்ச் சேரும். அதனால் கல்யாணப் படங்களை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூவை மட்டும் எந்த வழியிலும் அனுப்பாதீர்கள்.