உலராத பனியன்: ஓர் ஆய்வு முன்னுரை

ஒற்றைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுபவரின் தூய்மை பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் குளியலறையைத்தான் தேடுகிறார்கள். ஆய்வுலகம் வழுக்கி விழுந்த இடம் இதுவே. குளிக்க நம் ஊரில் என்ன பஞ்சம்? லாட்ஜில் வாளியும் மக்கும் உண்டு, குற்றாலத்தில் அருவி உண்டு, எதுவும் வாய்க்காவிட்டால் வயலோரத்து பம்ப்செட் உண்டு. அழுக்கு போய்விடும். துவைத்த பனியன்தான் காயாது. பயணியின் சுத்தம் முழுக்க முழுக்க உலர்த்தும் கலையைச் சார்ந்தது என்று நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

முதலில் நாற்றத்தின் மூலம். வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. அக்குள் சுரப்பிகளின் கசிவைத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் அந்தக் கற்றாழை நாற்றம் பிறக்கிறது. துணியின் கதையும் அதேதான். துவைத்த பிறகும் துணியில் எழும் சிக்கு வாடைக்கு மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிரே முக்கியக் காரணம் என 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்துப் பைக்குள் திணிப்பவர், அதற்கு இலவசமாகத் தங்குமிடம் தருகிறார்.

துணித் தேர்விலும் நிம்மதி இல்லை. பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், சீக்கிரம் நாறும். பருத்தி மானத்தைக் காப்பாற்றும், ஆனால் மறுநாள் பஸ் கிளம்பும்வரை ஈரம் சொட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு துவையாமைக் கோட்பாடும் உண்டு. லீவைஸ் நிறுவனத்தின் அன்றைய தலைவர் சிப் பெர்க், தாம் உடுத்தியிருந்த ஜீன்ஸை வாங்கி ஓராண்டாகியும் துவைக்கவில்லை என்று 2014இல் மேடையிலேயே சொன்னார். பக்கத்து இருக்கைக்காரரின் கருத்து பதிவாகவில்லை.

ஆய்வின் நாயகன் துண்டு. ஹென்றி கிறிஸ்டி துருக்கியில் பார்த்து வியந்த வளைய நெசவுத் துண்டு, இயந்திரத்தில் நெய்யப்பட்டு 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்தது. டர்க்கி டவலின் பெருமை அதன் வளையங்கள். தண்ணீரை அப்படிக் குடிக்கும். குடித்ததை விடாது என்பதே கோளாறு. பைக்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, மீதி இடத்தை நனைக்கும். நம் ஈரிழைத் துண்டோ முறுக்கிப் பிழிந்து உதறினால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். வெயிலுக்குத் தலைப்பாகை, ரயிலில் தலையணை, அவசரத்துக்கு இடுப்பில். துவைத்த பனியனை இன்னொரு உலர்ந்த துண்டில் சுருட்டி ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்கு மாறிவிடும். கையால் எவ்வளவு பிழிந்தாலும் இந்தப் பலன் வராது.

சோப்பு, ஷாம்பு வகையறாவில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையின் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கி சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். 2006இல் விமானப் பயணிகளின் கைப்பையில் திரவப் புட்டி எதுவும் 100 மில்லியைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பா வரம்பு கட்டியது. பெட்டிக்கடைச் சரத்திலிருந்து நாலு பாக்கெட் கிழித்து வந்தவருக்கு அந்தச் சட்டம் வந்ததே தெரிந்திராது.

இனி அறை. காற்றாடிக்கு நேர் கீழே, ஜன்னலைத் திறந்துவைத்து, துணிக்குத் துணி இடைவெளி விட வேண்டும். துணியை ஒட்டி நிற்கும் ஈரக் காற்று நகர்ந்தால்தான் அடுத்த ஈரம் எழும். மூடிய அறையில் விசிறி அதே ஈரத்தைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். காசு கொஞ்சம் கூடினாலும் ஏ.சி. அறை லாபம்: குளிர்விக்கும்போதே அது காற்றின் ஈரத்தையும் இழுத்து வெளியே விடுகிறது.

பையின் முதுகில் ஊக்குக் குத்தித் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டே நடப்பது கடைசி முறை. துண்டுக்கும் காலுறைக்கும் இது எந்த ஊரிலும் செல்லும். ஜட்டியைப் பொறுத்தவரை, பேருந்து நிலையத்தில் கிடைக்கும் சலுகை கோயில் வாசலில் கிடைப்பதில்லை. எல்லை எந்தத் தெருவில் தொடங்குகிறது என்பது மேலாய்வுக்குரியது; களப்பணிக்கு இதுவரை யாரும் முன்வரவில்லை.