முழங்காலை மடக்கி நிற்றல்

வெள்ளவத்தையில் என் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு பலகை இருக்கிறது. ஏறி நின்று பொத்தானை அமத்தினால் நொடிக்கு 30 தரம் அதிரும். அதிர்வில் காலின் தசைகள் தாமாகவே இறுகித் தளரும். பத்து நிமிஷம் நின்றால் போதும் என்கிறான். வயதானவர்களின் கால்பலத்துக்கு இது ஓரளவு உதவுகிறது. எலும்புத் தேய்மானத்துக்கு உதவுமா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

உடப்புசல்லாவையிலிருந்து அப்பா வந்திருந்தார். வயது 78. "ஏறிப் பாருங்க தாத்தா" என்று மகன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பலகை உறுமத் தொடங்கியதும் அப்பா முன்கம்பியைப் பற்றி, முழங்காலை இலேசாக மடக்கிக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கையேட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: முழங்காலை மடக்கி நிற்கவும், விறைத்து நின்றால் அதிர்வு தலைவரை ஏறும்.

அப்பாவுக்கு அதைப் பழக்கியது தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து டிரக்டர். காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து என்று மலைக்கும் ஸ்டோருக்கும் நாளைக்கு மூன்று நடை. கல்லுப் பாதை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மட்கார்டில் நான் இருப்பேன். மதகு வருவதற்குச் சற்று முன்னால் "பிடிச்சுக்கடா" என்பார். சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி, காலை ஊன்றி, முழங்காலை மடக்குவார். வண்டி தூக்கிப்போடும், அவர் தலை ஆடாது. எனக்கு அது வித்தை மாதிரி இருந்தது.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. துரை மாறினார். டிரக்டரின் இரும்புச் சீட்டு அதேதான். நாற்பதைத் தாண்டியதும் அப்பாவால் குனிந்து செருப்புப் போட முடியவில்லை. டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். இரவில் அம்மா லயத்துக் காம்பராவில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு நொடிக்கு நாலு முதல் எட்டு வரையான அதிர்வில்தான் அதிகம் துள்ளும். டிரக்டரும் லொறியும் குலுக்குவது பெரும்பாலும் அந்த அளவில்தான். ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்தில் எவ்வளவு குலுக்கல் தாங்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வரம்பு போட்டது. அப்பா அதற்கு வெகு முன்பே டிரக்டரை விட்டு இறங்கியிருந்தார்.

குலுக்கலை மருந்தாக்கும் யோசனையோ பழசு. நடுக்கவாதக்காரர்கள் ரயிலிலும் குதிரைவண்டியிலும் நெடுந்தூரம் வந்தால் சற்றுத் தேறியிருப்பதைக் கண்டு, பாரிஸில் மருத்துவர் சார்க்கோ அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 1892இல் அதைப் பற்றி விரிவுரையும் நிகழ்த்தினார். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக எங்கள் பக்கத்துக்குச் சின்ன ரயில் ஓடிய காலம் அதற்குப் பிந்தியது. ஐந்து மைல் நடக்காமல் போனோம் என்பதுதான் அந்த ரயிலைப் பற்றி என் தாத்தா சொன்ன ஒரே சுகம்.

கையேட்டின் இரண்டாம் பக்கத்தை அப்போதுதான் திருப்பினேன். முதுகுத்தட்டு விலகியவர்கள் இதில் ஏறவே கூடாது. ஓடிப்போய்ப் பொத்தானை அமத்தினேன். எத்தனை வருஷம் ஓட்டினார், டிரக்டரோடு இப்படி ஒரு தாளை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லையே!

"நிப்பாட்டியாச்சுப்பா, இறங்குங்க" என்றேன்.

பலகை அசையாமல் கிடந்தது. அப்பா கம்பியை விடாமல், மடக்கிய முழங்கால் மடக்கியபடி, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு இன்னும் சற்று நேரம் நின்றார்.