வாழ்க டிராபண்டின் மாறாத மேனி

கிழக்கு ஜெர்மனியின் கார் திட்டத்தை வகுத்தவர்களைப் புகழ்ந்தே ஆக வேண்டும். அவ்வளவு நல்ல மனிதர்கள் கையில் கிடைத்தும், அவர்களுடைய திறமை முழுவதையும் வெறும் பொறுமையாக மாற்றிவிட்டார்கள்.

ஆகஸ்ட் ஹார்ஹ் ஔடி நிறுவனத்தைத் தொடங்கிய ஊர் சுவிக்காவ். தகட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஊர்த் தொழிலாளர்கள் சோவியத் பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தி, துருவே பிடிக்காத வெளித்தோலைக் காருக்குப் போர்த்தினார்கள். 1957-ல் டிராபண்ட் பிறந்தது இப்படித்தான். அந்தக் கைகளை நான் மனமார வணங்குகிறேன்.

1964-ல் வந்த டிராபண்ட் 601 அதே உருவத்தில் 1990 வரை ஓடியது. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றும் அதன் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் 26 குதிரைத்திறனைத் தாண்டவே இல்லை. அப்பா கற்ற ரிப்பேர் வேலை மகனுக்கும் அப்படியே பயன்பட்டது! பொறியாளர்கள் புது மாடலைச் செய்து ஓட்டிப் பார்த்தபோதும் ஆளும் கட்சித் தலைமையின் உறுதி குலையவில்லை. 1968-ல் அந்த மாடலை நிறுத்திவிட்டது.

பானட்டைத் தூக்கினால் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். பல வண்டிகளில் பெட்ரோல் முள் கிடையாது. மூடியைத் திறந்து அளவுகோலை உள்ளே விட்டு, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஊர் போய்ச் சேருமா என்பது அதற்குப் பிறகு மனக்கணக்கு. இப்படி ஒரு கவனத்தை வேறெந்தக் கார் தன் சொந்தக்காரருக்குக் கற்றுக்கொடுத்தது?

காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது இன்னும் பெரிது. பதினெட்டு வயதானதும் பெயரைப் பதிந்துவைப்பார்கள். வண்டி வரப் பத்து, பன்னிரண்டு வருடம், சில சமயம் அதற்கும் மேல். அதனால் பழைய வண்டிக்கும் அங்கே மதிப்பு ஏறியது; புது வண்டியைவிட அதிக விலைக்குக் கைமாறியது. இளமையைக் கொடுத்து வாங்கிய பொருளை அந்த மக்கள் எவ்வளவு அன்பாகத் துடைத்து வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்த இரவில், எல்லையைக் கடந்து வந்த டிராபண்டுகளின் கூரையை மேற்கு பெர்லின்காரர்கள் தட்டித் தட்டி வரவேற்றார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் பொருத்திய டிராபண்ட் 1990-ல் விற்பனைக்கு வந்தது. 1991 ஏப்ரல் 30 அன்று, ஏறத்தாழ முப்பது லட்சம் வண்டிகளுக்குப் பிறகு, கடைசி டிராபண்ட் தயாராகி வெளியே வந்தது. வரிசையில் அதற்காகக் காத்திருந்தவர் யாரும் இல்லை.