தண்ணி நிக்காது சார்: புதுவையில் வாடகை வீடு தெரிவு செய்தல் குறித்த ஓர் ஆய்வு

வீடு தேடுதல் எனப்படுவது யாதெனின், புரோக்கர் பைக்கின் பின்னால் ஸ்கூட்டரில் போய், அன்னியர் குடியிருக்கும் வீட்டின் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்து, "நல்லாருக்கு, சொல்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புதல். இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் ஆய்வாளரின் தங்கை, மாப்பிள்ளை, அவர்களது நான்கு வயது மகள். கோவையிலிருந்து மாற்றலாகி வருபவர்கள். ஆய்வாளர் கிருஷ்ணா நகர்வாசி. இது முடிவுகளைப் பாதித்திருக்கலாம்.

களப்பணி நடந்தது 2024 மே மாதம். ஜூனில் பள்ளி திறப்பதால் இந்த ஊரில் பிள்ளை குட்டிக்காரர்கள் எல்லோரும் கத்திரி வெயிலில்தான் வீடு பார்க்கிறார்கள். மழையோ ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. கடன்காரனைச் சம்பளத் தேதியில் மட்டும் சந்தித்து அவன் குணத்தை எடைபோடுவதற்கு ஒப்பானது இது. ஆய்வின் மற்ற முடிவுகள் எல்லாம் இந்த ஒன்றுக்குள் அடக்கம் என்றாலும் தொடர்கிறேன்; அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

முதலில் மாப்பிள்ளையின் ஆசையைத் தீர்க்க வேண்டியிருந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உள்ள வெள்ளை நகரத்தில் ஒரு வீடு. புதுவை வரலாற்றை ஒரு வாய்க்காலில் எழுதிவிடலாம்: கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். தெருக்களைக் கோடு போட்டாற்போல் வகுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்று சுற்றுலாப் பயணிகள் நம்பட்டும். 1693-இல் ஊரைப் பிடித்து 1699-இல் திருப்பிக் கொடுத்த டச்சுக்காரர்கள் போட்ட கோடு அது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியும் கோடு அழியவில்லை. ஆனால் குடித்தனத்துக்கு ஆய்வாளர் கைக்கொண்ட அளவுகோல் இட்லி மாவு. இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து மாவுக் கடைக்கு எத்தனை நிமிடம்? வெள்ளை நகரத்தில் குரோசான் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. மாவுக்கு வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருந்தது. தவிர, நாங்கள் பார்க்கப் போன வீட்டின் வாசற்படியில் ஒரு கல்யாண ஜோடி புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தது. நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம்.

வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் தங்கை நெகிழ்ந்தாள். தாழ்வாரம், திண்ணை, முற்றம், மரத்தூண். வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. வழிப்போக்கன் இளைப்பாறக் கட்டிய தாழ்வாரங்களில் இப்போது பைக்குகள் இளைப்பாறுகின்றன. காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

வீட்டுக்காரர் என்றதும் ஒரு கிளை ஆய்வு. 1908 முதல் 1918 வரை பாரதியார் இவ்வூரில் வாடகைக்குத்தான் இருந்தார். அவருடைய வீட்டுக்காரர்களில் ஒருவரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பார்கள். வாடகை வாங்க வருவாராம், உட்கார்ந்து பாட்டைக் கேட்பாராம், வாடகையைக் கேட்காமலே எழுந்து போய்விடுவாராம். இந்த இனம் இன்னும் இருக்கிறதா என்று ஆய்வாளர் தேடினார். தங்கை பாடிக்கூடக் காட்டினாள். பத்து மாத அட்வான்ஸ் என்றார்கள்.

வடக்கே முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம். நடந்தே போய்விடலாம், ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. "அந்தப் பக்கம் போனா சென்டாக்ல மண்ணின் மைந்தர் சீட் கெடைக்காதேண்ணே" என்றாள் தங்கை, புதுவையின் தொழிற்கல்லூரிச் சேர்க்கையை நினைத்து. அவள் மகள் அப்போது ஸ்கூட்டரின் முன்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். எல்.கே.ஜி.யில் இன்னும் சேரவில்லை.

இனி ஆய்வின் மையம். ரெயின்போ நகர், வெங்கட்டா நகர், கிருஷ்ணா நகர்: பஸ் நிலையம் பக்கம், பள்ளி பக்கம், மாவுக் கடை தெருவுக்குத் தெரு. லாஸ்பேட்டை, கோரிமேட்டு மேட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியில் சற்று உட்கார்ந்து போகும் பள்ளமும் இதுதான். வானவில் நகர் என்று பெயர் வைத்தவர் மழையைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார், வாய்க்காலை விட்டுவிட்டார். கடலைவிட்டுத் தள்ளி இருந்தாலும் உரிப்பொருளால் இது நெய்தலே: இரங்கலும் இரங்கல் நிமித்தமும்.

தண்ணீர்ச் சான்றுகளை மே மாதத்திலும் சேகரிக்க முடியும். சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் குறித்துக்கொள்க. ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நின்றால் குறித்துக்கொள்க. பிளக் பாயிண்ட் இடுப்பளவு உயரத்தில் இருந்தால் வீட்டுக்காரர் அனுபவசாலி. தெருவைவிட வீடு இரண்டு படி கீழே இருந்தால், சாலையை மேலே மேலே போட்டவர்கள் யாரோ, வீடு அங்கேயேதான் இருக்கிறது. இத்தனை சான்றும் ஒருங்கே அமைந்த வீட்டின் முன் நின்று, புரோக்கர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "தண்ணி நிக்காது சார். வரும், உடனே போயிடும்."

இவ்வூரில் வீட்டையும் தண்ணீரையும் ஒருசேரச் சிந்தித்தவள் ஒருத்திதான். ஆயி என்ற தேவதாசியின் மாளிகையைக் கோயில் என்றெண்ணிக் கிருஷ்ணதேவராயர் வணங்கிவிட்டு, உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு, வீட்டை இடித்த இடத்தில் குளம் வெட்டினாளாம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அந்தக் குளம் இருந்த முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது அவள் நினைவாக எழுந்ததுதான் பாரதி பூங்காவின் ஆயி மண்டபம். வீட்டை இடித்துக் குளம் வெட்டியவளுக்கு மண்டபம் கட்டிய ஊர், பிற்பாடு பள்ளத்தில் எல்லாம் வீடு கட்டியது. அங்கே குளத்தை எந்த மன்னனும் கேட்கவில்லை; கார்த்திகையில் தானாகவே வந்துவிடுகிறது.

குடும்பம் கடைசியில் லாஸ்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனைப் பிடித்தது. மாவுக் கடை ஒன்பது நிமிடம். பள்ளிக்கு வேன். ஆய்வாளர் இதைப் பலமாக எதிர்த்தார்; கிருஷ்ணா நகரில் அவர் தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருந்தது, தங்கை பக்கத்தில் இருப்பாள் என்ற சுயநலமும் இருந்தது. தங்கை அந்த வீட்டின் சுவரைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரு நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. இக்கட்டுரையின் பிற்பகுதி, நனைந்த குறிப்பேட்டை ஃபேனுக்கடியில் காயவைத்தபடி, லாஸ்பேட்டை மாடியில் எழுதப்பட்டது. பாய் விரித்துக்கொண்டே மாப்பிள்ளை கேட்டார், "எத்தனை நாள் மச்சான் இருப்பீங்க?"

"வந்தேன், உடனே போயிடுவேன்" என்றேன்.

நான்கு நாள் நின்றேன்.