வாளியில் வந்த எண்ணெய்

2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டார்கள். கப்பல், துளைபோடும் இயந்திரம், கோடிக்கணக்கில் செலவு. அது இன்னும் அடுப்புக்கு வந்துசேரவில்லை. தெல்லிப்பழையில் எங்களுக்கு வாளியும் கயிறுமே போதும். 2014-15 வாக்கில் கிணற்றிலேயே எண்ணெய் மிதந்தது.

யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் ஊறிக்கிடக்கிற மழைதான் குடிதண்ணீர். அமெரிக்காவில் வாயு எடுக்க ஷேல் பாறையைப் பாடுபட்டு உடைக்கிறார்கள். எங்கட பாறை பிறவியிலேயே வெடித்தது, செலவு மிச்சம். சுன்னாகத்து மின்நிலையக் கழிவெண்ணெய்க்கு வேறென்ன வழி வேண்டும்?

தண்ணீர்ப் பவுசர் வந்தது. நிபுணர்களும் வந்தார்கள், மாதிரி எடுக்க வெறும் போத்தலும் குடிக்க நிறைபோத்தலுமாக.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்த மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டுமென்றது, சுன்னாகப் பகுதிக் கிணற்றுக்காரருக்கு. சுன்னாகம் வலிகாமம் தெற்கு, நாங்கள் வடக்கு. பாவம், எண்ணெய்க்கு எல்லை தெரியாது.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு மட்டும் குறையில்லை. “தோசைக்கல்லுக்கு இனி எண்ணெய் விடத் தேவையில்லை மோனை, மாவைக் கிணத்துத் தண்ணியிலை கரைச்சாப் போதும்” எண்டா.