எச்சரித்தவர்களுக்கு மீஞ்சூரிலிருந்து ஒரு நன்றி மடல்

பெறுநர்: இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்பின் உயரதிகாரிகள், மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி.

பொருள்: தங்கள் எச்சரிக்கையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஆண்ட்ராய்டு போன்களில் ஆபத்தான ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று தாங்கள் விடும் எச்சரிக்கை மீஞ்சூர் வரை தவறாமல் வருகிறது. டிவியில் ஓடுகிறது, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வராதது அப்டேட் ஒன்றுதான்.

உத்தரவை மீறக் கூடாதே என்று செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். போன் புதுப்பித்த நிலையில் இருக்கிறதாம். அதன் கீழேயே கடைசிப் பாதுகாப்பு அப்டேட் 2022 என்றும் போட்டிருக்கிறது. இரண்டுமே உண்மைதான். கம்பெனி அனுப்பியதெல்லாம் ஏறிவிட்டது. கம்பெனி அனுப்புவதை நிறுத்திவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "புது மாடல் எடுத்துக்குங்க சார், இஎம்ஐ இருக்கு" என்கிறார்கள். பேட்டரி, டச், கேமரா எதிலும் பழுதில்லை. அவ்வளவு நல்ல போனை வைத்திருப்பதுதான் என் குற்றம் போலிருக்கிறது.

தங்கள் பட்டியல்களையும் படித்தேன். 2024இல் ஆண்ட்ராய்டு 12, 12எல், 13, 14 ஆகியவற்றில் ஓட்டை என்றீர்கள். என்னுடையது 10. பட்டியலில் பெயரே இல்லாததால் தப்பித்தேன் என்று ஒரு கணம் குளிர்ந்துபோனேன். பிறகுதான் விளங்கியது: 2023 தொடக்கத்திலேயே 10ஐ கூகுள் கைகழுவிவிட்டது. அப்புறம் அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

2015 ஆகஸ்ட் முதல் கூகுள் மாதாமாதம் ஓட்டைகளின் பட்டியலையும் அடைப்பையும் வெளியிடுகிறது. அதைச் சிப் கம்பெனி தன் சிப்புக்குப் பொருத்த வேண்டும், போன் கம்பெனி தன் மாடலுக்குப் பொருத்திச் சோதித்து அனுப்ப வேண்டும். இந்த வரிசையில் என் கை எங்கே வருகிறது? வந்ததைத் தொட்டு ஏற்றுவதில், கடைசியில். தாங்களோ எச்சரிக்கையை முதலில் எனக்குத்தான் எழுதுகிறீர்கள்.

கம்பெனிகளால் முடியாது என்பதும் இல்லை. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வாங்குகிறவர்களுக்கு 7 ஆண்டு அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வல்லூர் அனல்மின் நிலையத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் வாங்கும் போன்கள் அவை அல்ல. ஆனால் சம்பளக் கணக்கு, யூபிஐ, ஓடிபி எல்லாம் அவர்கள் வாங்கும் போனில்தான். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவைக்கூட 2023 ஜனவரியில் செயலி வழிக்கு மாற்றினார்கள். அந்தச் செயலி ஓடும், பணித்தளப் பொறுப்பாளர் கையிலிருக்கும் போனுக்கு என்ன வயது என்று அரசு கேட்டதாகத் தெரியவில்லை.

அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு, கம்பெனிகளிடம் தகவல் கேட்கவும் உத்தரவிடவும் தங்களுக்கு உரிமை தருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, கணினித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று கம்பெனிகளை விரட்டியவர்களும் தாங்களே. பக்கத்துத் துறையின் வேகத்தையும் பார்த்தோம். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி செயலியைக் கடைக்குப் போய்விட்ட போன்களிலும் சாஃப்ட்வேர் அப்டேட் வழியாக ஏற்றப் பாருங்கள் என்று கம்பெனிகளுக்கு ஆணையிட்டது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3 அன்று கட்டாயத்தைக் கைவிட்டது. ஆக, கடைக்குப் போய்விட்ட போனுக்கும் அப்டேட் அனுப்பச் சொல்ல அரசுக்கு வாய் வரும்; அரசின் செயலி ஏற வேண்டும் என்றால்!

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எதுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று விற்கும்போதே அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்தாண்டு என்று விதி பேசுகிறது. நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பெண்கள் பாகம் பொருத்திய போன் விமானமேறி அங்கே போனால் அந்த விதிக்குள் வந்துவிடும். இங்கேயே விற்றால் கம்பெனியின் மனசுதான் கணக்கு. பிஸ்கட் பாக்கெட்டில் எதுவரை தின்னலாம் என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் பெட்டியில் எதுவரை அப்டேட் என்று ஒரு வரி இல்லை.

அந்த ஒரு வரியை அச்சிட வையுங்கள். அச்சிட்ட தேதிவரை அனுப்பாத கம்பெனிக்கு அபராதம் போடுங்கள். அடுத்த எச்சரிக்கையில் பெறுநர் என்ற இடத்தில் அந்தக் கம்பெனிகளின் பெயரை எழுதி, எங்களுக்கு நகல் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஆண்ட்ராய்டு 10 வைத்திருக்கும் மீஞ்சூர்க்காரன்