குரங்குகள் முன்னிலையில் ஒரு குடும்பத் தலைவர்

எங்கள் மகளுக்கு வாய் இருக்கிறது என்பதற்கு அவள் சாப்பிடுவது ஒன்றுதான் சாட்சி. வயது எட்டு. வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விடுவாள். அம்மா ஜீன்ஸ் போட்டிருக்கும் நாளில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால். "பேரு என்னாம்மா?" என்று யாராவது கேட்டால் நான் சொல்வேன். "எத்தனாவது படிக்கிறே?" என்றால் அதையும் நானே சொல்வேன். ஒருநாள் பல் வைத்தியர் அவளைப் பார்த்து "எந்தப் பல்லு வலிக்குது?" என்று கேட்க, பழக்கதோஷத்தில் நான் என் வாயைத் திறந்து காட்டினேன். மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு இரண்டு சொத்தையை அடைத்து அனுப்பினார்.

பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். "பிள்ளை நல்லா படிக்குது. ஆனா வாயே தொறக்கறதில்ல. வீட்டுல பேசுமா?" என்றார் டீச்சர். நான் பதில் சொல்ல ஆரம்பித்து, என் சிறுவயது, என் பேச்சுப்போட்டி, என் கோப்பை என்று போய்க்கொண்டிருந்தேன். மனைவி டீச்சரைப் பார்த்து, "இதுல அவ எங்க டீச்சர் பேசறது?" என்றாள்.

சொந்தபந்தங்கள் சும்மா இருக்குமா? ஒருவர் தேவார வகுப்பில் சேர் என்றார். இன்னொருவர் சிலம்பம் என்றார். பட்டர்வொர்த் பெரியம்மா நாக்கில் தடவ வசம்பு எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி பினாங்குக்கே வந்துவிட்டார். மகள் தப்பித்தாள், மரியாதைக்காக நான் நக்கினேன்.

கடைசியில் மனைவிதான், "மிருகம்னா அவளுக்கு உசுரு. லீவுக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்றாள். தைப்பிங் விலங்குத் தோட்டம் என்று பேச்சு வந்தது. டோல், பெட்ரோல், டிக்கெட், ராத் தங்கல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "கூண்டுக்குள்ள கெடக்கற மிருகத்தைப் பார்த்தா பிள்ளைக்கு எப்படித் தைரியம் வரும்?" என்று கேட்டேன். என் கொள்கைகள் பெரும்பாலும் டிக்கெட் விலையைப் பார்த்த பிறகு பிறப்பவை. ஆகவே தண்ணிமலைப் பக்கம் தாவரவியல் பூங்கா என்று முடிவாயிற்று. அங்கே குரங்கும் சுதந்திரமாக இருக்கிறது, நுழைவும் சுதந்திரமாக இருக்கிறது.

விடியற்காலையில் தொப்பி, தொலைநோக்கி, கழுத்தில் விசில் சகிதம் நான் புறப்பட்டேன். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை. அதில் நாசி லெமாக், கறிபாப், ஒரு சீப்பு பீசாங் மாஸ். மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பையைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பசிக்குதாம்" என்று அவளுக்காக நானே மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் எனக்கு மேடை கிடைத்துவிட்டது. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் பழைய கல்குவாரிப் பள்ளத்தாக்கில் இதை உண்டாக்கியது, 2021இல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இந்தப் பூங்காவும் சேர்த்தி என்பது, எல்லாவற்றையும் கைத்தொலைபேசியைப் பார்த்து உரக்க வாசித்துக்கொண்டு நடந்தேன். நாகலிங்க மரத்தடியில் நின்று பத்து நிமிடம் பேசினேன். தலைக்கு மேலே கிளைகள் சலசலத்து எதுவோ ஓடிப்போயிற்று. மகள் அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிள்ளைக்குக் களைப்பு என்று நினைத்தேன்.

அப்போதுதான் அது வந்தது. நீளவால் குரங்கு, மலாய்க்காரர்கள் கெரா என்கிறார்களே, அது. மதில்மேல் உட்கார்ந்து என்னையும் சிவப்புப் பையையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்பா, பையைக் கீழ வைங்க. அதுங் கண்ணைப் பார்க்காதீங்க. ஓடாதீங்க."

யாருடைய குரல் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. புரிவதற்குள் நான் பையை நெஞ்சோடு அணைத்து, குரங்கின் கண்ணை நேருக்கு நேர் முறைத்து, பிறகு ஓடவும் செய்துவிட்டேன். விசிலும் ஊதினேன். குரங்குக்கு அதில் ஒன்றும் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. பை அதன் கைக்குப் போனது. எனக்குக் கிடைத்தது ஒற்றைக் கைப்பிடி.

கூட்டம் கூடிவிட்டது. காலை நடைக்கு வந்த சீனப் பாட்டி, ஒரு மலாய்க் குடும்பம், அவர்களின் மூன்று பிள்ளைகள். குரங்கு மதில்மேல் பொட்டலத்தைப் பிரித்து, சோற்றை அள்ளி அள்ளி வாயில் திணித்தது. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டே போயின. "ஏன் முழுங்காம வெச்சிருக்கு?" என்று பாட்டி மலாயில் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். ஆனால் ஓடி வந்ததில் எனக்கு மூச்சு இறைத்து, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தானே பாட்டியிடம் திரும்பி, மலாயில், "கன்னத்துக்குள்ள பை இருக்கு பாட்டி. சண்டை வர்றதுக்கு முன்னாடி அதுல அடைச்சுக்கிட்டு, தனியாப் போயி சாப்பிடும்" என்றாள். "அப்புறம் ஏன் ஒங்கப்பாவைத் தொரத்துச்சு?" என்றான் அந்த வீட்டுப் பையன். "பிளாஸ்டிக் பைன்னா சாப்பாடுன்னு அதுக்குத் தெரியும். முறைச்சுப் பார்த்தா சண்டைக்குக் கூப்பிடறதா நெனைச்சுக்கும்." அவள் என்னைக் காட்டி விளக்க, அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எச்சரிக்கைப் பலகையில் போடும் படமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதன்பிறகு தலைமை கைமாறிவிட்டது. "இனிமே யாரும் பேசக் கூடாது" என்றாள் மகள். யாரும் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். ஓடைப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல்முறை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

இலைகள் விலகின. கரும்பழுப்பு உடம்பு, நீள வால், கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி. லோத்தோங் என்கிற இன்னொரு வகைக் குரங்கு. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கொழுந்து இலையைக் கிள்ளிச் சாப்பிட்டன. ஒன்றின் மடியில் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி. "ஓராங் ஊத்தான் குட்டியைத் திருடிட்டு வந்துடுச்சு" என்று நான் கிசுகிசுத்தேன். "பொறக்கும்போது அதுங்க அப்படித்தான் இருக்கும். சில மாசத்துல கருத்துடும்" என்றாள். குட்டி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போயிற்று. "எதும்மா அம்மா?" என்று மனைவி கேட்டாள். "சித்தி, பெரியம்மா எல்லாரும் மாத்தி மாத்தித் தூக்குவாங்க. ரொட்டி கிட்டி போடக் கூடாதும்மா. அதுங்களுக்கு இலையைப் புளிக்க வெச்சு செரிக்கிற வயிறு, கெட்டுப் போயிடும்."

நோட்டைத் திறந்து வரைய ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்த எனக்குப் பகீரென்றது. இதே கண்ணாடி போட்ட உருவத்தை அவள் முன்பும் வரைந்திருக்கிறாள்; நான் அதை என் படம் என்று எண்ணி ஆபீஸ் மேசையில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். பின்னால் நீண்டிருந்ததை என் பெல்ட் என்று நினைத்திருந்தேன்.

அந்த லீவிலேயே 101ஆம் நம்பர் பஸ் ஏறி தெலுக் பஹாங்கும் போக வேண்டியதாயிற்று. லோத்தோங்குகள் காரில் அடிபடாமல் சாலையைத் தாண்டுவதற்காக, லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு என்ற குழு 2019இல் அங்கே மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டியிருக்கிறது. தீயணைப்பு வண்டியின் பழைய தண்ணீர்க் குழாய்களைக் கொண்டு செய்தது. குழுவைத் தொடங்கியவர் யாப் ஜோ லீன் என்ற ஆராய்ச்சியாளர். இவையெல்லாம் மகள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோது என் காதில் விழுந்தவை. பள்ளி திறந்ததும் சபைகூடலில் அதே கதையைச் சொல்லியிருக்கிறாள். அப்பாவும் குரங்கும் பகுதிக்குக் கைதட்டல் அதிகமாம்.

போன வாரம் வேறொரு இடம் போனோம், பெயர் வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழே இலவசம் என்று கவுண்டரில் எழுதியிருந்தது. "பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்று அந்தப் பெண் கேட்டாள். என் நாக்கு "ஆ..." என்று ஆறுக்குக் கிளம்பியது. அதற்குள் மகள் எம்பி நின்று, "எட்டு" என்றாள், மூன்று வரிசைக்குக் கேட்கும்படி. நான் பணப்பையைத் திறந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "அக்கா, மூத்த குடிமக்களுக்குக் கழிவு உண்டா?" என்று கேட்டாள்.

கவுண்டர் பெண் என்னை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள். "உண்டு. அங்கிள், ஐ.சி. குடுங்க" என்றாள்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று.